பழைய இழுப்பறை அலமாரி: வயதுக்கும் சேர்த்து விலை கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூருவில் பழைய மரச்சாமான்கள் விற்கும் கடை ஒன்றில், நான்கு இழுப்பறைகள் கொண்ட தேக்கு அலமாரியைப் பார்த்தேன். நூறு ஆண்டுக்கு மேல் பழையது என்று சொல்லி 65,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆனால் ரசீதில் ‘பழைய அலமாரி’ என்று மட்டுமே எழுதுவார்களாம். நம்பி வாங்கலாமா?
- வாசகி, ஓசூர்

பதில்: வயதை ரசீதில் எழுதித் தர மறுக்கிறவரிடம் அந்த வயதுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் உரிய விலையை மட்டும் பேசுங்கள்.

அடுத்த முறை செல்லும்போது, தெரிந்த தச்சர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. முகப்பின் பளபளப்பில் மயங்காமல், இழுப்பறைகளை முழுவதுமாக உருவி, பாலிஷ் படாத அடிப்பலகையையும் அலமாரியின் முதுகுப் பலகையையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பலகைகள் கோத்திருக்கும் மூலைப் பொருத்துகள் கையால் வெட்டப்பட்டவை என்று கடைக்காரர் காட்டக்கூடும். நம் தச்சர்கள் இன்றும் கையால் வெட்டுகிறார்கள் என்பதால் அது மட்டுமே வயதுக்குச் சான்றாகாது. தேய்மானமே நம்பகமான சாட்சி. பல்லாண்டுகள் இழுத்து மூடிய இழுப்பறையின் பக்கப் பலகை அடிவிளிம்பில் தேய்ந்திருக்கும். அது ஓடும் சட்டத்திலும் அதற்கு ஈடான தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றொன்று புதிதாக இருந்தால், ஏதோ ஒரு பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள திருகாணிகள் 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தன. ஒன்றிரண்டு பழுதுபார்த்தபோது மாட்டியவையாக இருக்கலாம், எல்லாமே அப்படி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வைரம் பாயாத வெளிர்ப் பகுதியில் சிறு துளைகளும், அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த மரத்தூளும் தென்பட்டால், பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்ட சாமானை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

வாங்குவதென்று முடிவு செய்தால், மரத்தின் வகை, தோராயமான காலம், மாற்றப்பட்ட பாகங்கள் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தந்தது பொய்யென்று பின்னர் தெரியவந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். பெங்களூருவுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

அலமாரி வீட்டுக்கு வந்ததும் பழைய மேற்பூச்சைச் சுரண்டிப் புதுப் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். பொருளின் மதிப்பு குறைவதோடு, வழக்கென்று வந்தால் ஆணையத்தில் காட்ட வேண்டிய தடயமும் அதோடு போய்விடும்.