பச்சைச் சாணியா, மக்கிய எருவா: சத்து எதில் அதிகம்?

"பச்சைச் சாணியை அப்படியே போட்டால் சத்து முழுசாகக் கிடைக்குமே, ஏன் மக்க வைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாழப்பாடி பக்கம் எங்களுக்கு நான்கு மாடு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), கத்தரி. நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு வருடம் கத்தரி நாற்றின் தூரில் பச்சைச் சாணியை வைத்தேன். பத்து நாளில் அடியிலைகள் வெளுத்துவிட்டன. சாணியோடு கிடந்த வைக்கோல், தட்டையைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொண்டன. அப்புறம் கரையான் வேறு.

பச்சைச் சாணியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மக்கும்போது எடை பாதிக்கு மேல் குறையும். அதனால்தான் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மக்கிய எருவில் சத்து கூடுதலாக இருக்கிறது. ஆனால் மொத்தத் தழைச்சத்தில் ஒரு பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும். குப்பைமேட்டைக் கிளறும்போது மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். ஐப்பசி மழையில் மேட்டடியில் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் ஓடும், பார்த்திருப்பீர்கள். அதில் போவது சாம்பல்சத்து (பொட்டாசியம்). எங்கள் மேடு பல வருடம் இப்படித்தான் கரைந்தது, நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போது மூன்றடி ஆழக் குழியில் போட்டு, மேலே சாணிமண் மெழுகி நான்கைந்து மாதம் விடுகிறோம்.

மாட்டு மூத்திரத்தை விட்டுவிடாதீர்கள். மாடு வெளியேற்றும் சாம்பல்சத்தில் பெரும்பகுதியும், தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும் அதில்தான் இருக்கிறது. கட்டுத்தறியில் வைக்கோலோ காய்ந்த மண்ணோ பரப்பினால் உறிஞ்சிக்கொள்ளும், காலையில் அள்ளிக் குழியில் போடலாம்.

நல்ல தொழுவுரம், அதாவது மக்கிய மாட்டெரு, ஒரு டன்னில் சுமார் 5 கிலோ தழை, 2 கிலோ மணி (பாஸ்பரஸ்), 5 கிலோ சாம்பல் சத்து இருக்கும். ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்துக்கு நான்கு டன் எரு வேண்டும். ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கும் வேலையை யூரியா செய்யாது. ஆட்டெரு இதைவிட வீரியம், தழைச்சத்து 3 சதவீதம் வரை வரும். அறுவடை முடிந்த வயலில் பட்டி போட, அதாவது ராத்திரி ஆடுகளை அடைத்து வைக்கச் சொல்லி ஆட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பது சும்மா இல்லை. நாமக்கல்லிலிருந்து வரும் கோழி எருவும் அதே அளவு வீரியம்தான், ஆனால் திறந்து போட்டால் ஒரே மாதத்தில் தழைச்சத்து பாதி போய்விடும்.

எரு பக்குவமா என்று அறிய ஒரு கைப்பிடி அள்ளுங்கள். சாணி வாடை போய் முதல் மழை மண் வாசம் வர வேண்டும், பிடித்தால் உருண்டு, தட்டினால் உதிர வேண்டும். வளைந்து கிடக்கும் கட்டைவிரல் பருமன் வெள்ளைப் புழு கண்ணில் பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அது காண்டாமிருக வண்டாகித் தென்னங்குருத்தைக் குடையும். எருவைக் கடைசி உழவுக்கு முன் இறைத்து, அன்றைக்கே உழுதுவிடுங்கள்.