கூட்ட அறைக்குப் புது புரொஜெக்டரா, பெரிய டிஸ்ப்ளேயா? கடைசி வரிசையில் உட்கார்ந்து முடிவெடுங்கள்

கேள்வி இதுதான்: உள்ளாட்சி மன்றக் கூட்டம் நடக்கும் அறையில் பழைய புரொஜெக்டர் மங்கிவிட்டது, அதற்குப் பதில் புது புரொஜெக்டர் வாங்குவதா, பெரிய டிஸ்ப்ளே வாங்குவதா?

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். போன கூட்டத்தில் காட்டிய வரவு செலவு அட்டவணையைத் திரையில் போட்டு, எல்லா விளக்கையும் எரியவிட்டு, பொதுமக்கள் உட்காரும் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். எண்களைப் படிக்க முடிகிறதா? முன்னால் ஒருவர் சாதாரணக் குரலில் பேசினால் வார்த்தை புரிகிறதா? கூட்ட அறைகளுக்கு ஒலி ஒளிக் கருவி பொருத்துவது என் தொழில், பெரும்பாலும் உறுப்பினர்களின் நாற்காலியில் இருந்து பார்த்தே கருவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திரையில் ஓடுவது மக்கள் பணத்தின் கணக்கு. அது அந்த மக்களுக்கே தெரியவில்லை என்றால் எவ்வளவு செலவழித்தும் பயனில்லை.

திரை அளவுக்கு எளிய கணக்கு உண்டு. படத்தின் உயரத்தைப் போல 6 மடங்கு தூரம் வரை சாதாரண எழுத்தைப் படிக்கலாம், வரைபடம், நுணுக்கமான அட்டவணை என்றால் 4 மடங்குதான். 75 அங்குல டிஸ்ப்ளேயின் உயரம் சுமார் 93 செ.மீ., அதாவது எழுத்துக்கு ஐந்தரை மீட்டர், வரைபடத்துக்கு 3.7 மீட்டர். 98 அங்குலம் என்றாலும் ஏழு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அறை அதைவிட நீளமாக இருந்தால் முன்னால் இருப்பதையே இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போகாமல், நடுப்பகுதியில் பக்கச் சுவரில் இன்னொரு டிஸ்ப்ளே மாட்டுங்கள். 4கே, அதாவது அதிகப் புள்ளிகள் கொண்ட திரை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார், ஆனால் அது கோடுகளைக் கூர்மையாக்குமே தவிர சின்ன எழுத்தைப் பெரிதாக்காது.

புரொஜெக்டரைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று, அதனால் கறுப்பை வீச முடியாது. விளக்கு எரியும் அறையில் வெள்ளைத் திரை எந்த அளவுக்கு வெளிச்சமாக இருக்கிறதோ, அதுதான் படத்தின் கறுப்பு. அதனால் லூமென் எண்ணை, அதாவது எவ்வளவு ஒளி வீசும் என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். படித்து முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் படத்தின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே குறைந்தது 15:1 வேறுபாடு வேண்டும் என்பது இந்தத் துறையின் அளவுகோல். மன்றக் கூட்டத்தில் விளக்கை அணைக்கவும் முடியாது, உறுப்பினர்கள் காகிதம் பார்ப்பார்கள், ஒருவர் குறிப்பெடுப்பார், கேமரா ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அளவு போதும் என்றால் என் ஓட்டு டிஸ்ப்ளேவுக்கு. அறை பெரிது, புரொஜெக்டர்தான் என்றால் லேசர் ஒளி வகையை வாங்குங்கள், பொதுவாக 20,000 மணி நேரம் உழைக்கும் என்று கணக்கிடுவார்கள், பழைய வகை பல்புகள் சில ஆயிரம் மணியில் மாற்ற வேண்டி வரும். அப்புறம், திரைக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கு வரிசைக்குத் தனி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் செய்யும் அந்தச் சின்ன வேலை, கூடுதல் லூமெனுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகம் பலன் தரும்.

ஆனால் பணம் ஒரு பங்குதான் இருக்கிறது, படமா ஒலியா என்று கேட்டால் தயங்காமல் ஒலி என்பேன். படம் மங்கலாக இருந்தால் அச்சுப் பிரதி கொடுத்துச் சமாளிக்கலாம், பேசியது கேட்காவிட்டால் கூட்டமே நடக்காத மாதிரி. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் இரைச்சலும் எதிரொலியும் அப்படியே இருக்கும். மேசை நடுவில் ஒரே மைக் வைத்த பதிவுகளில் ஓரத்தில் இருப்பவர் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் கேட்பது இதனால்தான். ஒவ்வொரு இருக்கைக்கும் அழுத்திப் பேசும் மைக் வையுங்கள். இணையவழியிலும் ஆட்கள் சேர்கிறார்கள் என்றால் எதிரொலி நீக்கும் வசதி கட்டாயம், இல்லாவிட்டால் அவர்கள் பேசியது அவர்களுக்கே திரும்பிப் போகும். காதுக் கருவி அணிந்தவர்களுக்காக அறையில் காந்த வளையம் பதிக்கலாம், டி-காயில் (வளையத்தின் காந்த சமிக்ஞையை வாங்கும் சிறு கம்பிச்சுருள்) உள்ள கருவி வைத்திருப்பவருக்கு மைக் ஒலி நேராகக் காதுக்கே வரும். தரையைப் பிரிக்கும் வேலை எப்படியும் இருந்தால் இதை அப்போதே சேர்த்துவிடுங்கள், பிறகு செய்வது பெரும்பாடு.

கேபிள் விஷயம் சுருக்கமாக. நொடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே படத்துக்கு எச்டிஎம்ஐ கேபிளில் நொடிக்கு 18 கிகாபிட் வரை ஓட வேண்டும், சாதாரணச் செம்புக் கேபிள் பத்து மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். நீளமான ஓட்டத்துக்கு ஒளியிழை எச்டிஎம்ஐ அல்லது எச்டிபேஸ்டி (நெட்வொர்க் கேபிள் வழியாகப் படத்தை அனுப்பும் முறை) வழியில் போங்கள். மேசையில் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி-சி இரண்டும் இருக்கட்டும். வயர்லெஸ் வசதி நல்லதுதான், ஆனால் வெளியில் இருந்து வருபவரின் லேப்டாப் அலுவலக நெட்வொர்க்கில் சேரக் கூடாது, விருந்தினர் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்து வையுங்கள்.

டெண்டரில் மாடல் பெயர்களை அடுக்குவதைவிட, என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள்: எல்லா விளக்கும் எரியும்போது, உங்கள் அட்டவணையே திரையில் இருக்க, கடைசி வரிசையில் இருந்து படிக்கவும் கேட்கவும் முடிய வேண்டும், அதை உங்கள் அறையிலேயே நிரூபித்த பிறகுதான் இறுதித் தவணை. கூட்டத்தை நடத்தும் ஊழியர் யாருடைய உதவியும் இல்லாமல் இயக்கிக் காட்டுவதையும் அந்தச் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.