மூன்று கட்டு வீட்டில் ஆபீஸ் வைஃபை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அண்ணன் மகன் வேலை பார்க்கும் சென்னை அலுவலகத்தில் பழைய சாமான்களைக் கழித்தபோது, சிஸ்கோ ஏரோநெட் 2600 வகை வைஃபை பெட்டி மூன்றை வாங்கி வந்து கொடுத்தான். கானாடுகாத்தானில் எங்களுடையது மூன்று கட்டு வீடு. ரூட்டர் முகப்பில் இருக்கிறது. பகலில் இரண்டாம் கட்டு வரை சுமாராக வருகிறது, ராத்திரியில் சுத்தமாக இல்லை. புதுப் பெட்டியைச் செருகினால் பச்சையும் சிவப்புமாக விளக்கு மாறி மாறி எரிகிறதே தவிர, போனில் பெயர்கூட வரவில்லை. சாதாரண வீட்டு ரூட்டர் மாதிரி இதை ஓட்ட வழி உண்டா தம்பி?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கானாடுகாத்தான்

பதில்: உண்டு ஆச்சி. பெட்டி கெட்டுப்போகவில்லை, ஆபீசில் எல்லா வைஃபை பெட்டிகளையும் மேய்க்கும் கன்ட்ரோலர் என்ற தலைமைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறது. வீட்டு ரூட்டர் ஒண்டி ஆளாக எல்லா வேலையும் பார்க்கும். வெளி இணையத்தை உள்ளே கொண்டுவரும், ஒவ்வொரு போனுக்கும் ஐபி முகவரி கொடுக்கும், வைஃபையும் வீசும். ஆபீசில் இந்த வேலைகளுக்குத் தனித்தனிப் பெட்டி உண்டு. உங்களிடம் வந்திருப்பது வைஃபை மட்டும் வீசுகிற ஆக்சஸ் பாயின்ட். அதையும் கன்ட்ரோலர் உத்தரவு போட்டால்தான் செய்யும்.

பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். நடுவில் ‘சிஏபி’ என்று இருந்தால் கன்ட்ரோலர் கேட்கும் வகை, ‘எஸ்ஏபி’ என்றால் தனியாக ஓடும் வகை. கடைசியில் ‘கே9’க்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். அது ‘டி’ என்றால் இந்தியாவுக்கான அலைவரிசை, கவலை இல்லை.

சிஏபியை எஸ்ஏபி போல மாற்றிவிடலாம். இந்தப் பகுதியை அண்ணன் மகனிடம் படித்துக் காட்டுங்கள். மென்பொருள் கோப்பின் பெயரில் ‘கே9டபிள்யூ8’ என்று வந்தால் கன்ட்ரோலருக்கு, ‘கே9டபிள்யூ7’ என்று வந்தால் தனியாக ஓட. அந்த ஏழாம் எண் கோப்பைத் தன் அலுவலக நெட்வொர்க் ஆளிடம் கேட்டு முறையாகவே வாங்கச் சொல்லுங்கள். கண்ட தளத்தில் இறக்க வேண்டாம், வீட்டின் அத்தனை போக்குவரத்தும் இதன் வழியாகத்தான் போகப்போகிறது. லேப்டாப்புக்கு 10.0.0.2 என்று முகவரி வைத்து, அந்தக் கோப்பைப் பெட்டிக்கு அனுப்பும் டிஎஃப்டிபி சர்வர் ஒன்றை ஓடவிட்டு, மோட் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே மின்சாரம் கொடுக்க வேண்டும். சுமார் அரை நிமிஷத்தில் விளக்கு சிவப்பாகும், அப்போது விரலை எடுத்தால் பெட்டி புது மென்பொருளைத் தானே இழுத்துக்கொள்ளும். உள்ளே நடப்பதைப் பார்க்க இளநீல நிறத்தில் பட்டையான கன்சோல் கேபிள் வேண்டும், வேகம் 9600.

மாற்றி முடித்த பிறகும் போனில் பெயர் வராது. பயப்பட வேண்டாம். இந்த வகையில் வைஃபை வீசும் ரேடியோ அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே ‘சிஸ்கோ’ என்றிருக்கும், அதை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

அப்புறம் மின்சாரம். ஈத்தர்நெட் கேபிள் வழியாகவே இதற்குக் கரன்ட் போகும், 802.3ஏஎஃப் என்ற தரத்தில் 15.4 வாட் தரும் போஇ இன்ஜெக்டர் (கேபிளுக்குள் கரன்ட் ஏற்றும் சின்னப் பெட்டி) போதும். சிசிடிவி கடையில் 24 வோல்ட் இன்ஜெக்டரை எடுத்து நீட்டுவார்கள், அதில் இது எரியாது. 48 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, ராத்திரியில் ஏன் வருவதில்லை? நம் வீடுகளில் தெருவாசலில் நின்றால் பின்கட்டு வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். பகலில் எல்லாக் கதவும் திறந்திருப்பதால் அலை அந்த வழியாகவே நடந்துபோகிறது. பொழுது சாய்ந்து, கனமான தேக்குக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டதும் அதற்கு மிச்சம் இருப்பது அந்தக் கனத்த சுவர்கள்தான். அதனால் பெரிய ரூட்டர் ஒன்றை முகப்பில் வைத்துப் புண்ணியமில்லை. கட்டுக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும், நம் வீட்டு நீளத்துக்கு அது தாராளம். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள், செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி வேண்டாம்.

ஆச்சி, ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். சுவரில் டிரில் போட விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்துப் பளபளப்பாக்கிய சுண்ணாம்புப் பூச்சு அது. ஒரு ஓட்டை விழுந்தால் மேலே சிமென்ட் வைத்து அடைப்பார்கள், அந்தத் திட்டு என்றைக்கும் கண்ணை உறுத்தும். கோட்டையூரில் எங்கள் வீட்டில் நிலைக்கு மேலே இருக்கும் காற்றுச் சந்து வழியாகக் கேபிளை நுழைத்து, வளவு என்கிற உள்முற்றத்தின் தாழ்வாரத்து உத்திரத்தின் மேலாகவே கொண்டுபோனேன். கீழே நின்று பார்த்தால் தெரியாது. ஆணிகூட அடிக்கவில்லை, பழைய மரக் கொக்கிகளில் நூலால் கட்டினேன். ஒன்றரை நாள் பிடித்தது. கரன்ட் ஒயரோடு சேர்த்து மட்டும் கட்டக் கூடாது. பெட்டியைக் கூரையிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிற மாதிரி வைத்தால் அலை நன்றாகப் பரவும்.

மூன்று பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று ஆளுக்கொரு சானல் கொடுங்கள். கேபிள் மூன்றும் இணைய கம்பெனிக்காரர் வைத்த பெட்டியின் லேன் துளைக்கு வரட்டும், துளை போதாவிட்டால் கேபிள்களைச் சேர்க்கும் சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று. ஐபி முகவரி கொடுக்கிற வேலை அந்தப் பெட்டியிடமே இருக்கட்டும், அதிலுள்ள வைஃபையை மட்டும் அணைத்துவிடுங்கள்.

பெட்டிகள் அலை வீசும் சக்தியைக் குறைத்து வையுங்கள், இதை எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் முழுச் சக்தியில் விட்டிருந்தேன். மலேசியாவிலிருந்து வந்த பெரியப்பா இரண்டாம் கட்டில், பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்து வீடியோ கால் பேச, படம் உறைந்து உறைந்து நின்றது. அவருடைய போன் முகப்புப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பெட்டியோடு சேர்வது என்று முடிவெடுப்பது போன்தான். தூரத்துப் பெட்டியின் அலை அதற்குப் போதுமான பலத்தோடு கிடைக்கிற வரை பக்கத்துப் பெட்டிக்கு மாறாது. சக்தியைக் குறைத்த அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது.

இது 2012 வாக்கில் வந்த மாடல், 802.11என் என்ற பழைய தலைமுறை வைஃபை. டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை எல்லாம் இதில் கிடையாது. பேரப்பிள்ளைகள் பாடம் பார்க்கவும் நீங்கள் வெளிநாட்டுக்குப் பேசவும் தாராளமாகப் போதும். இதற்கு மேல் பணம் போட்டு இதே வகையில் நான்காவது பெட்டி வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறோம். ஆபீஸ் மாதிரி ஆளுக்கொரு பயனர் பெயர், கடவுச்சொல் வைக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம் அண்ணே. அதற்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஒன்று எந்நேரமும் ஓட வேண்டும், அது படுத்தால் மொத்த வீடும் படுத்துவிடும். டிவி, கேமரா, பிரின்டர் பலவற்றுக்கு அந்த முறையில் நுழையவே தெரியாது. விருந்தாளிக்கு ஒரு வைஃபை பெயர், வீட்டாருக்கு ஒரு பெயர், இரண்டையும் தனித்தனி விலானில் (ஒரே கேபிளில் ஓடினாலும் ஒன்றோடொன்று கலக்காத தனி நெட்வொர்க்) பிரித்துவிடுங்கள். விலான் தெரிந்த ஸ்விட்சும் ரூட்டரும் இருந்தால்தான் இது நடக்கும், முதலில் அதைச் சரிபாருங்கள். விருந்தாளிக் கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்றி, சாவியோடு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.