போன வருடம் நிராகரித்தார்கள், இந்த வருடம் எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் 40 குடும்பங்கள். பக்கத்துக் காலி மனையில் பொதுத் தோட்டம் போட உள்ளாட்சி மன்றத்தின் சமூகத் திட்ட நிதிக்குப் போன வருடம் விண்ணப்பித்தோம். ‘முன்னுரிமைகளுடன் பொருந்தவில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. மறுபடி முயலலாமா?

பதில்: தாராளமாக. நீங்கள் அனுப்பிய பழைய விண்ணப்பத்தைப் படித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சங்கத்தின் வரலாறு. தோட்டம் இரண்டாம் பக்கத்தில்தான் எட்டிப் பார்க்கிறது, அதுவும் ‘அனைவருக்கும் பயன்படும்’ என்ற வரியோடு. இந்த வரிக்கு யாராலும் மதிப்பெண் போட முடியாது.

ஆமாம், மதிப்பெண்தான். பெரும்பாலான மன்றங்களில் தேவை, பயன், நடத்தும் திறன், செலவு என்று தலைப்பு வாரியாகப் புள்ளி போடுவார்கள். அந்தத் தலைப்புகள் வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கும். கூடவே மன்றம் தன் முன்னுரிமைகளையும் எழுதி வைத்திருக்கும்: முதியோர் தனிமை, இளைஞர் நலன், பசுமைப் பரப்பு இப்படி. அவற்றில் உங்களுக்கு உண்மையிலேயே பொருந்தும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘இந்தத் தெருக்களில் தனியாக வசிக்கும் முதியவர்கள் 12 பேர், வாரம் இரண்டு காலை அவர்கள் இங்கே கூடுவார்கள், வருகைப் பதிவேடு வைப்போம்’ என்று எழுதிப் பாருங்கள். தோட்டம் அதேதான், ஆனால் படிப்பவருக்கு இப்போது ஆட்கள் தெரிகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுங்கள், குத்துமதிப்பு வேண்டாம்.

அடுத்து செலவுப் பட்டியல். ‘கருவிகள், இதர செலவு’ என்று மொத்தமாகப் போட்டிருக்கிறீர்கள். ‘இதர’ என்றாலே பரிசீலிப்பவர் புருவம் உயரும். மண்வெட்டி எத்தனை, குழாய் எத்தனை மீட்டர் என்று பிரித்து, பெரிய பொருட்களுக்கு விலைப்புள்ளி (கடைக்காரர் எழுத்தில் தரும் விலை) இணையுங்கள். உங்கள் பங்கையும் காட்டுங்கள். உறுப்பினர்களின் உழைப்பு நேரத்தையே பங்களிப்பாக ஏற்கும் மன்றங்கள் உண்டு; நீங்கள் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அப்புறம் ஒன்று: அனுமதிக் கடிதம் வருமுன் எதையும் வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே செய்த செலவைப் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள்.

தோட்டத் திட்டங்கள் அதிகம் இடறுவது இரண்டாம் வருடத்தில். நிதி ஒருமுறைதான் வரும். செடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். யார் ஊற்றுவார்கள், தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவார்கள் என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். மனை உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் உங்கள் கோப்பில் இல்லை. என்னைக் கேட்டால் நிராகரிப்புக்கு அதுவே போதும்.

சங்க விதிமுறை, சங்கத்தின் பெயரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு இயக்கும் வங்கிக் கணக்கு, கேட்டால் பொறுப்புக் காப்பீடு (தோட்டத்தில் யாருக்காவது அடிபட்டால் இழப்பீட்டுக்கு): வழக்கமான தாள்கள்தான், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நிதிப் பிரிவு அலுவலரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். கூச்சம் வேண்டாம், அவர் வேலையே அதுதான். போன முறை எந்தத் தலைப்பில் புள்ளி குறைந்தது என்று நேராகக் கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் அவர் லைனில் கிடைப்பதே கஷ்டம்.