இயற்கை மையத்தில் பொதுநிகழ்ச்சிக் கல்வியாளர் என்ன செய்கிறார்?

இயற்கை மையத்துக்கு, அதாவது செடி, பறவை, விலங்குகளை மக்கள் நேரில் பார்த்து அறிந்துகொள்ளும் இடத்துக்கு, வரும் பொதுமக்களுக்காக நடைப்பயணம், பறவை நோக்கல், இரவு உலா போன்றவற்றைத் திட்டமிட்டு நடத்துபவர் இவர். பள்ளி வகுப்பு போல இல்லை. குழந்தையும் தாத்தாவும் ஒரே குழுவில் நிற்பார்கள், பிடிக்காவிட்டால் நடுவிலேயே கிளம்பிவிடலாம். அதனால் கேட்பவர் முகம் பார்த்துக் கதையை மாற்றும் பாட்டி மாதிரி, நிகழ்ச்சியை அங்கேயே வளைக்கத் தெரிய வேண்டும்.

இரவு உலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை டார்ச் அதைக் கெடுத்துவிடும் என்பதால் மங்கலான சிவப்பு விளக்குதான். அந்த நேரத்தில் தவளைச் சத்தத்தைக் கேட்க வைப்பார். இந்த வேலையின் அழகே அதுதான் என்பேன்.

நாள் முழுக்கக் காட்டில் சுற்றும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முன்பதிவு, பாதுகாப்பு ஏற்பாடு, பொருள்கள் தயாரிப்பு என்று கணிசமான நேரம் கட்டடத்துக்குள்ளேயே போகும்.