திகதி இல்லாத பதில்

வணக்கம் ஐயா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம். பெயரைப் போடவேண்டாம், அப்பா பார்த்தால் மனவருத்தப்படுவார். எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல். வரவுசெலவுத் திட்ட விவாதம் தொடங்கிவிட்டால் அப்பா இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனை வைத்துக்கொண்டு பாராளுமன்றப் பேச்சுகளை ஒன்றுவிடாமல் கேட்பார். அரசாங்கத் தரப்பில் யாராவது எழும்பி, உர மானியத்தைக் கூட்டினோம், நெல்லுக்கு உத்தரவாத விலை வைத்தோம், வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும காசைக் கூட்டினோம், வடக்கு வீதிகளுக்குக் காசு ஒதுக்கினோம் என்று அடுக்கும்போது, "சொல்லுறது எல்லாம் உண்மைதானே பிள்ளை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மானியக் காசு எங்கள் கைக்கு வந்தபோது முதலாம் உரம் கடனுக்கு வாங்கிப் போட்டு முடிந்துவிட்டது. 2025இல் நெல்லை ஈரத்தோடு வயலில் வைத்தே விற்றோம், விலை அறிவித்தது அதற்குப் பிறகு. இதைச் சொன்னால், "முந்தி இருந்தவங்கள் இதுவும் தரேல்லையே" என்கிறார். சண்டையில்தான் முடிகிறது.

பாராளுமன்றத்தில் பேசுவதைக் கவனித்துக் கேட்கவேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். தங்கள் அரசாங்கத்தை நியாயப்படுத்தப் பேசுகிறவர்களின் பேச்சை நாங்கள் ஏன் கேட்கவேண்டும்? வாக்கெடுப்பில் வெல்லப்போவது எப்படியும் அவர்கள்தானே?

*

அன்பான பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அப்பா சொல்வதிலும் பிழை இல்லை, உங்கள் கோபத்திலும் பிழை இல்லை. இருவரையும் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் தேடுகிறீர்கள். அப்பாவின் கேள்வி எவ்வளவு கொடுத்தார்கள் என்பது. உங்களுடையது எப்போது கொடுத்தார்கள் என்பது. சபையில் எழும்பி அரசின் கொள்கையைக் காத்துப் பேசுகிறவர் அநேகமாக முதலாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

அப்பாவின் பக்கத்தை முதலில் பார்ப்போம். உர மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயாக இருந்தது, 2024 காலபோகத்துக்கு, அதாவது மாரிமழையில் செய்யும் பெரிய போகத்துக்கு, 25,000 ஆனது. உங்கள் மூன்று ஏக்கருக்கு ஏறக்குறைய 30,000 ரூபாய். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று விலை வைத்தார்கள். அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வடமாகாண வீதிகளுக்கு 500 கோடி ரூபாயும் வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடியும் ஒதுக்கப்பட்டன. இவை பொய் இல்லை. வட்டுவாகல் பாலத்தைப் பற்றி ஒரு நிதியமைச்சர் வரவுசெலவுத் திட்ட உரையில் சொன்னதைக் கேட்டபோது எனக்கும் மனம் இளகியது. 2009 மே மாதம் போர் முடிந்த நாட்களில் அந்தப் பாலத்தால் நடந்து வந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே அப்பா தலையாட்டுவதை வெறும் ஏமாளித்தனம் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பெயர் அந்தச் சபையில் வேறு காரணங்களுக்காகவே சொல்லப்பட்டுக் கேட்டுப் பழகிய தலைமுறை அவர்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. சிறுவயதில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் கூட்டத்துக்கு, அதாவது குளத்துத் தண்ணீரில் செய்யும் கோடைப் போகத்துக்கான கூட்டத்துக்கு, என் தகப்பனாரோடு போயிருக்கிறேன். உங்கள் முத்தையன்கட்டிலும் கூட்டம் இப்படித்தான் நடக்கும், அப்பாவோடு ஒருதரம் போய்ப் பாருங்கள். அரசாங்க அதிபர் தலைமையில் இருப்பார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்வார். அந்தத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பார்கள். அதன்பிறகு கதையெல்லாம் திகதிதான். வாய்க்கால் துப்புரவு முடிக்கும் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் கடைசித் திகதி, மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி, தண்ணீர் நிறுத்தும் திகதி. ஒரு கிழமை முந்துவதா பிந்துவதா என்று கமக்காரர் மணிக்கணக்காக வாதாடுவார்கள். படிக்காத மனிசன் ஒருவர் எழும்பி, "அப்ப என்ர கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி எண்டைக்கு வரும்?" என்று கேட்பார். பொறியியலாளர் அதற்கு நாள் சொல்லியே ஆகவேண்டும். எவ்வளவு தண்ணீர் திறப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தக் கூட்டத்தில் ஒருவராலும் தப்பமுடியாது.

பாராளுமன்றத்திலும் அந்த மனிசனின் கேள்வி கேட்கப்படவேண்டும் என்பதுதான் என் ஆசை.

2021ஐ எடுத்துப் பாருங்கள். மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். மண்ணுக்கு நல்லது, சிறுநீரக நோய் குறையும், அந்நியச் செலாவணி மிஞ்சும் என்று அரச தரப்பினர் மாதக்கணக்காக அதைக் காத்துப் பேசினார்கள். இயற்கை உரம் நல்லதா என்ற வாதத்தில் அவர்களுக்கும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு போகத்துக்குள் இதைச் செய்து முடிக்கலாமா என்று கேட்டிருந்தால் வன்னியில் எந்தக் கமக்காரனும் உடனே பதில் சொல்லியிருப்பான். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அப்போது இங்கே விதைப்பு முடிந்து பயிர் மஞ்சளடித்து நின்றது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. தண்ணீர்ப் பம்பை நம்பிய தோட்டக்காரரும் முல்லைத்தீவு, மன்னார்க் கடற்தொழிலாளரும் ஒரே இரவில் அந்த விலைக்கு வந்து விழுந்தார்கள். விற்க விற்க நட்டம், மானியத்தைத் தாங்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். வங்குரோத்தான நாடு, காரணம் விளங்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? விலையைக் கூட்டுவது நள்ளிரவில் நடந்துவிடுகிறது. கொடுப்பது மட்டும் பதிவு, பட்டியல், சரிபார்ப்பு, முதலாம் கட்டம், இரண்டாம் கட்டம் என்று வருகிறது. இந்த அரசாங்கத்தை மட்டும் சொல்லவில்லை. எனக்கு நினைவு தெரிந்த எல்லா அரசாங்கத்திலும் இதுதான் நடந்தது.

என் சின்ன மாமா விசுவமடுவில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துப் போனவர். உங்கள் முத்தையன்கட்டிலும் அந்தத் திட்டம் இருந்தது, வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. மாமாவின் வீட்டு முற்றம் முழுக்கச் சிவப்பாகக் காயும், உள்ளே போகும்போதே தும்மல் வரும். அந்தக் காசில் கல்வீடு கட்டினார், ஒரு தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தார். 1977இல் ஆட்சி மாறியது. நவம்பரில் புதிய நிதியமைச்சர் ரொனி டி மெல் தன் முதலாவது வரவுசெலவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார், சந்தை திறக்கப்பட்டது. பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்று களைத்த சனத்துக்கு அது விடுதலைதான், அதை மறுக்கமாட்டேன். விசுவமடுவில் மிளகாய் விலை விழுந்தது. மாமா கெட்டிக்காரன். இரண்டு மூன்று போகம் அவகாசமும், மாறுவதற்கு ஒரு பயிரும், கொஞ்சக் கடனும் கிடைத்திருந்தால் மாறியிருப்பார். அந்த அவகாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு சண்டை வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மிளகாய்க்காரருக்கு நடந்தது எங்கள் ஊர்க் கதைகளில்கூடச் சரியாக எழுதப்படவில்லை.

அஸ்வெசுமவைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 2023இல், முன்பிருந்த சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக வந்தது. வறியவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 8,500இலிருந்து 10,000 ஆனது, மிக வறியவர்களுக்கு 15,000இலிருந்து 17,500. இதையும் 'எவ்வளவு' என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் யார் வறியவர் என்று 22 குறிகாட்டிகளை வைத்துத் தீர்மானிக்கிறார்கள், அவற்றுள் வீட்டின் நிலையும் ஒன்று. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கிடைத்து, அது போதாமல் நகையை அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் கூரை போட்ட வீடுகள் உங்கள் ஒழுங்கையில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். படிவத்துக்கு அது கல்வீடு, சீமெந்துத் தரை. அந்தக் கூரைக்காக எடுத்த கடன் படிவத்தின் கண்ணில் படாது. கணவன் இல்லாத ஒரு தாய், போன தையில் மாடு வைத்திருந்தவள், இந்த ஐப்பசியில் அதை விற்றிருப்பாள். கணக்கெடுத்த நாளில் மாடு இருந்தது. அந்த ஒரு நாள் அவளை ஆண்டுக்கணக்காகத் துரத்துகிறது. குடும்ப நிலை மாறினால் எத்தனை நாளுக்குள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் குழுநிலை விவாதத்தில் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

நெல் விலை விஷயத்தில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். 2025 பெப்ரவரி 5ஆம் திகதி விலை அறிவித்தார்கள். தை பிற்பகுதியிலேயே வன்னியில் அறுவடை மெசின் இறங்கிவிட்டது. மெசின்காரனுக்கு அன்றைக்கே காசு கொடுக்கவேண்டும், உரக்கடைக்காரன் வரம்பில் வந்து நிற்பான். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கவேண்டும். காயவிட எங்களிடம் களம் ஏது, தார் வீதிதானே களம். ஆகவே உங்கள் அப்பா ஈரநெல்லை விற்றது அவசரப்புத்தியால் அல்ல. மார்கழியில் இதே விலையைச் சொல்லியிருந்தால், சேர்ந்து ஒரு படங்கு வாடகைக்கு எடுத்தாவது காயவிட்டிருப்பீர்கள். 120 ரூபாய் என்ற எண் மார்கழியில் ஒரு பெறுமதி, மாசியில் இன்னொரு பெறுமதி.

அப்படியென்றால் ஏன் கேட்கவேண்டும் என்கிறீர்கள். 225 பேரில் 159 பேர் ஆளும் தரப்பு, வாக்கெடுப்பின் முடிவு எல்லோருக்கும் முதலே தெரியும். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். வெல்வதற்குப் பேச்சே தேவைப்படாத ஒருவர் எழும்பி ஒரு விடயத்தைச் சொன்னால், அது ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்றப் பேச்சுகளின் அச்சுப் பதிவில், ஏறிவிடுகிறது. சொன்ன சொல் அங்கே கிடக்கும், எடுத்துக் காட்டலாம். ஒரு குறை இருக்கிறது. ஹன்சாட்டில் ஒருவர் பேசிய மொழியிலேயே பேச்சு அச்சாகிறது. அமைச்சர் சிங்களத்தில் கொடுத்த பதில் சிங்களத்திலேயே இருக்கும். உங்களைப்போல் மூன்று மொழியும் படிக்கக்கூடிய பிள்ளைகள் ஊருக்கு ஒருவர் இருந்து, வன்னியைப் பற்றிச் சொன்னதை மட்டும் தமிழில் எழுதிக் கமக்காரர் அமைப்பின் கையில் கொடுத்தால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் வேறு மாதிரிப் போகும்.

அரச தரப்பில் இருந்தால் எதையும் நியாயப்படுத்தித்தான் ஆகவேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். வன்னியிலேயே அதற்கு ஒரு கதை உண்டு. 1947இல் வவுனியாத் தொகுதியில் சுயேச்சையாக வென்ற சி. சுந்தரலிங்கம், டி. எஸ். சேனநாயக்காவின் முதலாவது அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானியக் குடியுரிமைச் சட்டமூலம் வந்தபோது சபையை விட்டு வெளியேறி, அமைச்சுப் பதவியையும் விட்டார். அவருடைய எல்லா அரசியலோடும் நான் உடன்படுகிறவன் இல்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த முதலாவது குடியுரிமைச் சட்டத்தின்போது அவர் அரசாங்கத்தில்தான் இருந்தார் என்பதும் மறக்கக்கூடாது. ஆனாலும் தன்னால் காத்துப் பேச முடியாத ஒன்றைக் காத்துப் பேச மறுத்தார். அந்தச் சட்டங்களால் நாடற்றவர்களாகி, பிற்காலத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து வன்னியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வயல்களில் கூலிக்கு நிற்கிறார்கள். அஸ்வெசும வரிசையிலும் நிற்கிறார்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடிய ஒன்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இந்நாட்டுப் பிரசை எவரும் எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். எவ்வளவு மானியம் வந்தது என்று கேட்கவேண்டாம், அது சபையில் சொன்னதுதான். மானியத்துக்கான பட்டியல் எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது, காசு எந்தத் திகதியில் கமக்காரரின் கணக்குக்குப் போனது, உங்கள் பிரிவில் விதைப்பு எந்தத் திகதியில் தொடங்கியது. இந்த மூன்றும் போதும். கடிதத்தை அப்பாவைக் கொண்டு கையெழுத்து வைப்பியுங்கள், விண்ணப்பம் அவர் பெயரில் போகட்டும். அவர் கேட்ட பேச்சுக்கு அவர்தான் கேள்வி கேட்கவேண்டும்.

அப்பாவின் வங்கிப் புத்தகத்திலும் அந்த 2024 காலபோகக் காசு விழுந்த நாள் பதிந்திருக்கும். அதையும் முதலாம் உரம் போட்ட நாளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பரந்தனிலும் செட்டிகுளத்திலும் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடமும் இதையே கேட்டிருக்கிறேன்.

அன்புடன்.