கேரவனின் மூலைக் கால்கள் எடை தாங்குமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறோம். நான்கு பேர் படுக்கக்கூடிய, காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு) கொண்ட பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறோம். நிறுத்திய பிறகு உள்ளே குழந்தைகள் நடந்தாலே ஆடுகிறது. வண்டியின் மூலைகளில் திருகி இறக்கும் கால்களை டயர் தரையைவிட்டு எழும்பும்வரை இறக்கினால் ஆட்டம் நிற்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கடைக்காரரோ இன்னும் கனமான கால்களாக மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது? குளிர்காலம் முழுவதும் அது வீட்டு முற்றத்தில்தான் நிற்கப்போகிறது.

பதில்: டயர் எழும்பும்வரை தயவுசெய்து இறக்காதீர்கள். 'கார்னர் ஸ்டெடி' எனப்படும் இந்தக் கால்கள் ஆட்டத்தை அடக்க வந்தவை. எடையைச் சுமக்க வந்தவை அல்ல. ஆடும் மேசைக்கு அடியில் மடித்து வைக்கும் காகிதத்தின் வேலைதான் இவற்றுக்கும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை மூலைகளில் தூக்கினால் சேஸி எனும் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். முதலில் கதவு நிலையில் உரசும், பூட்டு சரியாக விழாது. பிறகு ஜன்னல் ஓரங்களிலும் மூட்டுகளிலும் பூசியிருக்கும் பசை விட்டு, மழைநீர் உள்ளே இறங்கும். பழைய கேரவனுக்கு ஈரத்தைப்போல் பெரும் செலவு வைப்பது வேறில்லை.

உங்கள் வண்டி ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறுத்தும்போது செய்யும் வேலைகளின் வரிசை தவறியதாக இருக்கும். கார் மாட்டியிருக்கும்போதே, வண்டிக்குள் வாசலருகே தரையில் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரத்தைச் சரிவுப் பலகைமேல் ஏற்றுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். இந்தக் கட்டையை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம்: காரைப் பின்னால் எடுக்கும்போது பிரேக் தானே தளர்ந்துகொடுக்கும் அமைப்பு கேரவனில் இருப்பதால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி சற்றுப் பின்னோக்கி உருண்ட பிறகே பிடிக்கலாம். அடுத்து காரைக் கழற்றி, முன்னாலுள்ள சிறு சக்கரமான ஜாக்கி வீலை ஏற்றியோ இறக்கியோ முன்பின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். மூலைக் கால்களின் முறை கடைசியில்தான். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து, கால் அதில் படிந்ததும் இன்னும் அரைச் சுற்று திருகினால் போதும். புல்தரையில் இரவு மழை பெய்திருந்தால் காலையில் மறுபடி திருகிப் பாருங்கள், மண் அமுங்கியிருக்கும். மட்டம் தவறினால் எரிவாயுவில் இயங்கும் குளிர்ப்பெட்டியும் சரியாகக் குளிராது.

கனமான கால்களுக்கு இப்போது பணம் போட வேண்டாம். இருக்கும் கால்களின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, திருகுத் தண்டு துருப்பிடித்து வளைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். போல்ட்டை முடுக்கி, தண்டுக்குக் கிரீஸ் போட்டாலே பாதி ஆட்டம் போய்விடும். ஒரு ஜோடி சரிவுப் பலகை, நல்ல கட்டைகள், ரசமட்டம் ஆகிய மூன்றையும் வாங்குங்கள். அடிக்கடி புல்தரையில் தங்குவீர்கள் என்றால், கால்களுக்கு மாட்டும் அகலமான பாதங்களும் வாங்கத் தக்கவை. கால்களை இறக்க டிரில் பயன்படுத்துபவர்கள் தரையைத் தொடும் முன்பே நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கையால் திருக வேண்டும். மோட்டாருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

குளிர்கால நிறுத்தத்துக்கு வழி வேறு. முற்றம் சமதளமாக இருந்தால், சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். இல்லையென்றால் மாதக்கணக்கில் இழுத்தபடியே இருந்து பிரேக் ஒட்டிக்கொள்ளும். சரிவான முற்றத்தில் இதைச் செய்யக் கூடாது. ஒரே இடத்தில் எடை அழுந்தி டயர் தட்டையாகாமலிருக்க, அவ்வப்போது சக்கரத்தைச் சற்று உருட்டி வையுங்கள். அல்லது கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, எடையைத் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது.

ஸ்டாண்டு வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஏழு ஆண்டுகளைத் தாண்டிய டயரைக் காப்பாற்ற ஸ்டாண்டு எதற்கு? அந்தப் பணத்தைப் புது டயரில் போடுங்கள்.